புது அணிக்கு ஆள் எங்கிருந்து வருகிறது? – ஃபுட்டி கேள்வி பதில்

ஃபுட்டி என்றால் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற ஆஸ்திரேலிய ஆட்டம். அதன் மகளிர் லீக், அதாவது ஏ.எஃப்.எல்.டபிள்யூ., பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: புதிதாக ஓர் அணி வரும்போது ஆட்டக்காரர்களை யார் தருகிறார்கள், எந்த விதிப்படி, அது நியாயமா. எனக்கும் பல வருடமாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிற கேள்விதான் இது, அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐபிஎல் பார்த்து வளர்ந்தவள் நான். ஏலம் என்றால் புரியும். ஃபுட்டியில் ஏலமே கிடையாது என்கிறார்கள். அப்புறம் எப்படி அக்கா புது அணி ஆள் சேர்க்கும்? – கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

ஆமாம் தங்கச்சி, ஏலம் கிடையாது. முக்கியமாக இரண்டு வழி. ஒன்று டிராஃப்ட். பதினெட்டு வயதை ஒட்டிய பெண்கள் பெயர் கொடுக்க வேண்டும், கிளப்புகள் வரிசையாக ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும், போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இன்னொன்று டிரேட், அதாவது கிளப்புகள் தங்களுக்குள் ஆட்டக்காரரையும் டிராஃப்ட் இடங்களையும் மாற்றிக்கொள்வது.

ஆனால் புது அணியிடம் மாற்றிக்கொள்ள ஆளே இல்லையே. டிராஃப்டை மட்டும் நம்பினால் முப்பது பேரும் பள்ளி முடித்த பிள்ளைகளாக இருப்பார்கள், அவர்களை ஏழெட்டு வருடம் ஆடியவர்கள் முன்னால் நிறுத்துவது கொடுமை. அதனால்தான் டிரேட், டிராஃப்ட் எல்லாம் தொடங்கும் முன்பே புது அணிகளுக்கு மட்டும் ஒரு தனிக் காலம் ஒதுக்குகிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் மற்ற கிளப் வீராங்கனைகளோடு நேராகப் பேசி ஒப்பந்தம் போடலாம், பழைய கிளப் தடுக்க முடியாது. இழந்த கிளப்புக்கு இழப்பீடாக டிராஃப்டில் கூடுதல் இடம் கிடைக்கும். 2022-ல் லக்னோவும் குஜராத்தும் ஐபிஎல்லுக்குள் வந்தபோது மெகா ஏலத்துக்கு முன்பே தலா மூன்று பேரை எடுத்துக்கொள்ள விட்டார்கள் இல்லையா, அதே யோசனைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அமெரிக்க லீக்குகளில் பழைய அணி இத்தனை பேரைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும், மீதிப் பேரைப் புது அணி பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு போகும், ஆட்டக்காரரை யாரும் கேட்பதில்லை. இங்கே அப்படி இல்லை. அந்தப் பெண் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே, எத்தனை குறை இருந்தாலும், இந்த முறையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: 2018-ல் எங்கள் காலிங்வுட்டைக் காலி செய்துவிட்டார்கள். அதை மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. விதி என்ற பெயரில் நடந்த கொள்ளை என்று எழுதுவீர்களா? – மெல்பர்னிலிருந்து ஒரு காலிங்வுட் ரசிகர்

கொள்ளை என்று எழுத மாட்டேன் அண்ணா, ஆனால் உங்கள் வருத்தம் புரிகிறது. நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லீக் 2017 பிப்ரவரி 3 அன்று எட்டு அணிகளோடு தொடங்கியது. முதல் ஆட்டமே கார்ல்டனுக்கும் காலிங்வுட்டுக்கும்தான், 24,568 பேர் வந்து, இடம் போதாமல் கதவை மூட வேண்டியதாயிற்று. இரண்டு சீசன் முடிந்ததும், 2019-க்கு ஜீலாங், நார்த் மெல்பர்ன் என்று இரண்டு அணிகளைச் சேர்த்தார்கள். அப்போது நார்த் மெல்பர்னுக்குப் போனவர்களில் ஜாஸ்மின் கார்னர், எம்மா கிங், ஜெஸ் டஃபின், மோவானா ஹோப் எல்லோரும் காலிங்வுட்காரர்கள். கிங்கும் ஹோப்பும் 2016-ல் காலிங்வுட் தன் முகங்களாக அறிவித்த இரண்டு மார்க்கீ ஆட்டக்காரர்கள். முதுகெலும்பையே உருவியது போலத்தான். 2019-ல் காலிங்வுட் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துக் கடைசியில் நின்றது.

நீங்கள் மட்டும் இல்லை. 2018-ல் கோப்பையை வென்ற வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து, அதே வருடம் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய எம்மா கேர்னி நார்த் மெல்பர்னுக்குப் போனார். கோப்பை, விருது இரண்டும் கையில் இருக்கும்போதே கிளம்பினார். பிரிஸ்பேனிலிருந்து கெய்ட்லின் ஆஷ்மோர், ஜேமி ஸ்டான்டன், டாலியா ராண்டல் போனார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு நார்த் மெல்பர்ன் அந்த முதல் சீசனில் ஏழில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது, ஆனால் லீக்கை இரண்டு பிரிவாகப் பிரித்திருந்ததால் பலமான பிரிவில் மாட்டி இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை. அடுத்த பிரிவிலிருந்த ஜீலாங் போய், அடிலெய்டிடம் 66 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். புது அணிக்கு ஆள் தேவை, அதில் தகராறே இல்லை. ஆனால் ஓர் அணியை நிறுத்த இன்னோர் அணியை உட்கார வைக்கிற விதி நல்ல விதி இல்லை. கூடுதல் டிராஃப்ட் இடம் என்கிற இழப்பீடு தாளில்தான் அழகு. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து கேர்னியின் இடத்தை நிரப்ப நான்கைந்து வருடம் ஆகும், அந்தச் சீசன்கள் முழுக்க அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருகிற குட்டிப் பெண்கள் தோல்வியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நார்த் மெல்பர்ன் முதல் கோப்பையை 2024-ல்தான் வென்றது. கார்னர், கேர்னி, கிங், ராண்டல் எல்லோரும் இன்னமும் அங்கேதான் இருந்தார்கள். ஆறு வருடம் சேர்ந்து ஆடி, அடுத்த தலைமுறையைப் பக்கத்தில் வைத்து வளர்த்த பிறகு வந்த கோப்பை அது.

கேள்வி: நல்ல ஆட்டக்காரர்கள் நாலைந்து பேரைப் பிடித்துவிட்டால் புது அணி தேறிவிடாதா? – சென்னை வாசகர்

ரிச்மண்டைப் பாருங்கள். 2020-ல் கோல்ட் கோஸ்ட், ரிச்மண்ட், செயின்ட் கில்டா, வெஸ்ட் கோஸ்ட் என்று ஒரே நேரத்தில் நான்கு அணிகள் வந்தன. ரிச்மண்ட் புல்டாக்ஸ் கேப்டன் கேட்டி பிரெனனை எடுத்தது, அங்கிருந்தே மோனிக் கோன்டியையும் எடுத்தது, பிரிஸ்பேனிலிருந்து சப்ரினா ஃபிரெடரிக்கை எடுத்தது. மூன்று பேருமே பெரிய பெயர்கள். அந்தச் சீசனில் ரிச்மண்ட் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கொடுத்த புல்டாக்ஸும் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. எடுத்தவர்களுக்கும் ஆகவில்லை, கொடுத்தவர்களுக்கும் ஆகவில்லை.

ஃபுட்டியில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர் களத்தில் நிற்கிறார்கள், மாற்று ஆட்டக்காரர்கள் தனி. ஐந்தாவது ஆள் யார் என்பதைவிட இருபதாவது ஆள் யார் என்பதில்தான் ஆட்டம் போகும். தனிக் காலத்தில் பெரிய பெயர்களைத் துரத்துகிற புது கிளப் அந்த இருபதாவது ஆளைத் தேட நேரம் ஒதுக்குவதில்லை.

கேள்வி: ஏலமும் இல்லை, கோடிகளும் இல்லை என்றால் ஒரு பெண் எதற்காகக் கிளப் மாறுகிறாள்? – மதுரை வாசகி

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை.

2017-ல் மார்க்கீ ஆட்டக்காரருக்கு 27,000 ஆஸ்திரேலிய டாலர், அடுத்த படிக்கு 12,000, மற்ற எல்லோருக்கும் 8,500. சீசனுக்கு அவ்வளவுதான். டீச்சர், நர்ஸ், எலக்ட்ரீஷியன், போலீஸ் என்று பெரும்பாலோருக்குப் பகலில் ஒரு வேலை இருந்தது. 2022-ல் வந்த ஒப்பந்தத்தில் கடைசிப் படிச் சம்பளமே 39,184 டாலர், முதல் படி 71,935 என்று ஏறியது. 2023-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே முதல் முறையாக ஒரே ஒப்பந்தம் போட்டார்கள், அதன்படி சராசரிச் சம்பளம் 2027-ல் 82,000 டாலரை எட்ட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது படிமுறை. 2022 கணக்கில் ஒரு கிளப்பில் முதல் படியில் இரண்டு பேர், அடுத்த படிகளில் ஆறும் ஆறும், கடைசிப் படியில் பதினாறு பேர், ஆக முப்பது. ஒரு புல்டாக்ஸ் பெண்ணுக்கு உள்ளூரில் முதல் படி நிரம்பிவிட்டது, அவள் மூன்றாம் படியில் நிற்கிறாள் என்று வையுங்கள், புது கிளப்பில் முதல் படியே காலி. அவள் போகாமல் என்ன செய்வாள்? புது அணி வருவது நல்ல ஆட்டக்காரருக்குச் சம்பள உயர்வு கிடைக்கிற ஒரு வழி. அதோடு வீட்டுக்கு அருகில் பயிற்சி மைதானம், மாற வேண்டாத பகல் வேலை, காதலனோ காதலியோ இருக்கிற ஊர், அப்பா அம்மா, இதெல்லாம் பணத்தைவிடப் பெரிய காரணம். டேனா ஹூக்கர் ஃப்ரிமான்டிலிலிருந்து வெஸ்ட் கோஸ்டுக்குப் போனார், இரண்டும் பெர்த்தில்தான் இருக்கின்றன. சாம் விர்கோவும் லியா காஸ்லரும் பிரிஸ்பேனிலிருந்து கோல்ட் கோஸ்டுக்குப் போனார்கள், காரில் ஒரு மணி நேரம். எந்தக் கிளப் பக்கத்தில் புது அணி முளைக்கிறதோ அந்தக் கிளப்தான் அதிகம் இழக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் எல்லா கிளப்புக்கும் ஒரே மாதிரி விதி எழுதினால் அது சமம், ஆனால் நியாயம் இல்லை.

கேள்வி: எரின் ஃபிலிப்ஸ் அடிலெய்டை விட்டு போர்ட் அடிலெய்டுக்குப் போனது துரோகமா இல்லையா? என் நண்பனோடு பந்தயம். – அடிலெய்டில் படிக்கும் மாணவர்

இல்லை தம்பி. ஒருபோதும் இல்லை.

அவர் அடிலெய்டுக்கு 2017, 2019, 2022 என்று மூன்று கோப்பைகளில் பங்கு கொடுத்தவர், இரண்டு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 2019 இறுதிப் போட்டியில் அடிலெய்டு ஓவலில் 53,034 பேர் முன்னால் முழங்கால் கிழிந்து வெளியே தூக்கிப் போனபோது அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிளப்புக்குக் கொடுக்க வேண்டியதற்கு மேல் கொடுத்தாகிவிட்டது. அவருடைய அப்பா கிரெக் ஃபிலிப்ஸ் போர்ட் அடிலெய்டின் பெரிய ஆட்டக்காரர், மகள் அந்தக் கறுப்பு வெள்ளைக் குடும்பத்தில் வளர்ந்தவள். பதின்மூன்று வயதில், பெண்களுக்கு மேலே போக வழி இல்லை என்பதால் ஃபுட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று, கூடைப்பந்துக்குப் போய் அமெரிக்க லீக்கில் இரண்டு பட்டம் வாங்கித் திரும்பினார். அப்பாவின் கிளப் அதே 2022-ல் நடந்த இரண்டாவது சீசனுக்குப் பெண்கள் அணி தொடங்கி, முதல் கேப்டனாக வா என்று கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? பந்தயத்தில் எந்தப் பக்கம் நீ என்று எழுதவில்லை, எப்படியானாலும் என் தீர்ப்பு இதுதான்.

கேள்வி: ஃபுட்டியே ஆடாதவர்களையும் சேர்க்கிறார்களாமே? – திருச்சி வாசகர்

சேர்க்கிறார்கள், ஆரம்பத்திலிருந்தே. கார்ல்டனில் தொடங்கிய பிரியானா டேவி கால்பந்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கோல்கீப்பராக இருந்தவர். எசன்டனின் ஜார்ஜியா நான்ஸ்கவன் ஹாக்கி ஒலிம்பிக் வீராங்கனை. அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடிப் பழகியவர்கள் இங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள், மேயோவின் கோரா ஸ்டான்டன்தான் முன்னோடி, 2018-ல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு வந்தபோது அவருக்கு 36 வயது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2013 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி மும்பையில் நடந்தது, வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 75 ரன் அடித்து ஆட்டநாயகி ஆனவர் ஜெஸ் கேமரன், ஞாபகம் இருக்கிறதா? மேலே காலிங்வுட் கதையில் வந்த ஜெஸ் டஃபின் அவரேதான், திருமணத்துக்குப் பிறகான பெயர். காலிங்வுட்டில் தொடங்கி, 2019-ல் புது அணியான நார்த் மெல்பர்னுக்குப் போய், 2022-ல் மறுபடி புது அணியான ஹாதார்னுக்குப் போனார். ஆஷ்மோருக்கும் அப்படியே, பிரிஸ்பேன், நார்த் மெல்பர்ன், ஹாதார்ன். இரண்டு முறை ஒரு கிளப்பை முதல் செங்கலிலிருந்து கட்டியவர்கள்.

கேள்வி: 2022-ல் வந்த நான்கு அணிகளுக்கு மட்டும் ஏன் 2023-ல் மறுபடியும் சலுகை? நாங்கள் 2020-ல் வந்தபோது இது கிடைத்ததா? – செயின்ட் கில்டா ரசிகை

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியை நான் ஏற்கவில்லை.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று பாருங்கள். ஆறாவது சீசன் இறுதிப் போட்டி ஏப்ரல் 9. ஏழாவது சீசன் ஆகஸ்ட் 25-ல் தொடங்கிவிட்டது. நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை. அதற்குள் எசன்டன், ஹாதார்ன், போர்ட் அடிலெய்டு, சிட்னி என்று நான்கு கிளப்புகள் தலா முப்பது பேரைத் தேட வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், வேலை மாற்றி, வீடு மாற்றி வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும். எசன்டன் கார்ல்டனிலிருந்து மேடிசன் பிரஸ்பாக்கிஸையும் புல்டாக்ஸிலிருந்து போனி டூகுட்டையும் பிடித்துச் சமாளித்தது. போர்ட் அடிலெய்டுக்கு ஃபிலிப்ஸோடு ஃப்ரிமான்டிலிலிருந்து ஜெம்மா ஹூட்டனும் வந்தார். சிட்னியில் பெரிய பெயர்கள் அவ்வளவாக இல்லை, பத்து ஆட்டமும் தோற்றது.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2017-ல் எட்டு அணி, அணிக்கு 27 பேர், 216 பெண்கள். 2022 கடைசியில் பதினெட்டு அணி, அணிக்கு முப்பது, 540 பெண்கள். ஆறு வருடத்தில் இரண்டரை மடங்கு! அவசரப்பட்டார்கள் என்பதே என் கருத்து, ஆனால் அவசரப்பட்ட பிறகு சும்மா விட்டிருந்தால் சிட்னி மாதிரி அணிகள் வருடக்கணக்கில் அடி வாங்கியிருக்கும். 2023-ல் அந்த நான்கு அணிகளுக்கு மட்டும் இன்னொரு தனிக் காலம் திறந்தார்கள். சிட்னிக்குக் காலிங்வுட்டிலிருந்து க்ளோயி மொலாயும் கார்ல்டனிலிருந்து லூசி மெக்இவாயும் வந்தார்கள். ஹாதார்னுக்குப் பிரிஸ்பேனிலிருந்து, முந்தைய வருடம் லீக் விருது வாங்கிய எமிலி பேட்ஸ் வந்தார். ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத சிட்னி அடுத்த சீசனிலேயே இறுதிச்சுற்றுக்குப் போய் அங்கேயும் ஓர் ஆட்டம் ஜெயித்தது. 2024-ல் ஹாதார்னும் போர்ட் அடிலெய்டும் இறுதிச்சுற்றில் இருந்தன.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள விடாமல், இரண்டு மூன்று வருடத்துக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் சரி என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கொடுத்தால் பழைய அணிக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். 2020-ல் வந்தவர்களுக்கும் அன்றே இதைச் செய்திருக்க வேண்டும், 2021-ல் கோல்ட் கோஸ்ட் ஒன்பது ஆட்டமும் தோற்றபோதாவது. உங்கள் பாதி நியாயம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இத்தனை இழந்தும் பிரிஸ்பேன் எப்படித் தாக்குப்பிடித்தது? – பிரிஸ்பேன் வாசகர்

கிரெய்க் ஸ்டார்செவிச் என்ற ஒரே பயிற்சியாளர் முதல் நாளிலிருந்து இருந்தார், குவீன்ஸ்லாந்துப் பெண்களை உள்ளூரிலேயே தேடி வளர்த்தார். ஒவ்வொரு விரிவாக்கத்திலும் ஆட்களை இழந்துகொண்டே 2021-லும் 2023-லும் கோப்பை வாங்கினார்கள். டிராஃப்ட் நீண்ட காலம் மாநிலவாரியாகத்தான் நடந்தது, ஒரு பெண் எந்த மாநிலத்துக்குப் பெயர் கொடுக்கிறாளோ அங்குள்ள கிளப்தான் எடுக்க முடியும். மெல்பர்னில் ஒரே பெண்ணை எட்டு பத்து கிளப் தேட, பிரிஸ்பேன் தன் ஊர்ப் பெண்களை நிதானமாகப் பார்த்து எடுக்க முடிந்தது. இப்போது டிராஃப்ட் நாடு முழுவதற்கும் பொது என்று ஆகிவிட்டது, அந்த வசதி குறைந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் தாஸ்மேனியாவுக்கு 2028-ல் அணி வருகிறது. பெண்கள் அணிக்கு என்ன விதி வைக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டால்? – ஹோபார்ட் வாசகி

கேட்டால் மூன்று நாள் பேசுவேன்! சுருக்கமாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாவது அணி தனியாக வருகிறது, இன்னும் மூன்று புது அணிகளோடு போட்டி போட வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனால் நான் மேலே சொன்ன பக்கத்து ஊர்க் கணக்கு இங்கே வேலை செய்யாது, நடுவில் கடல் இருக்கிறது. மெல்பர்னில் வேலையும் வீடும் உள்ள 27 வயதுப் பெண் ஹோபார்ட்டுக்கோ லான்செஸ்டனுக்கோ வர, சம்பளப் படி மட்டும் போதாது. அவளுக்கு அங்கே ஒரு வேலை, துணைவருக்கு ஒரு வேலை, வீடு, இவ்வளவையும் கிளப் ஏற்பாடு செய்ய அனுமதியும் பணமும் விதியிலேயே இருக்க வேண்டும். அடுத்தது, தாஸ்மேனியாவில் பிறந்து வெளி மாநிலக் கிளப்புகளில் ஆடுகிறவர்கள் ஊர் திரும்ப நினைத்தால் முதல் உரிமை. அப்புறம் உள்ளூர் இளம் பெண்களை டிராஃப்டுக்கு முன்பே ஒப்பந்தம் செய்கிற உரிமை, ஒரு வருடத்துக்கு இல்லை, நான்கைந்து வருடத்துக்கு. எந்த ஒரு பழைய கிளப்பிலிருந்தும் இரண்டு பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் 2019-ல் காலிங்வுட் அழுத மாதிரி இன்னொரு கிளப் அழ வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, உள்ளூர் கிளப்பில் ஆடுகிறாள். நாங்கள் விளையாட்டுப் பின்னணி இல்லாத குடும்பம். இந்த விதிகளில் அவளுக்கு எங்கே இடம்? – டாண்டினாங்கிலிருந்து ஒரு அம்மா

விக்டோரியாவில் என்றால் அடுத்த படி டேலண்ட் லீக்கின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிகள், வட்டாரத்துக்கு ஒன்று இருக்கிறது, உங்களுக்கு டாண்டினாங் ஸ்டிங்ரேஸ். தேர்வு ஆட்டங்கள் எப்போது என்று அவளுடைய பயிற்சியாளரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். அங்கிருந்து மாநில அணி, பிறகு டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்பது. ஸ்கௌட்டுகள் உங்கள் வீட்டுப் பின்னணியைப் பார்ப்பதில்லை, இரண்டு காலாலும் உதைக்கிறாளா, பந்து இல்லாதபோதும் ஓடுகிறாளா என்றுதான் பார்க்கிறார்கள். இடது காலை இப்போதே பழகச் சொல்லுங்கள். முழங்கால் காயம் இந்த ஆட்டத்தில் பெண்களை அதிகம் தாக்குகிறது, அதனால் குதித்து இறங்கும் பயிற்சிகளை வார்ம்-அப்பில் ஒருநாளும் விடக் கூடாது.

தாஸ்மேனியா 2028-ல் வரும்போது அவள் டிராஃப்ட் வயதை நெருங்கியிருப்பாள். அவளை எந்தக் கிளப் எடுத்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.